முத்துக் கரையில் இருந்து பனிமலைக்கு!

தூத்துக்குடித் துறைமுகத்தில் வந்து இறங்கும் சரக்குகளில் முந்திரிக்கொட்டையும் ஒன்று. ஓடு உடைக்காத கொட்டை. கண்டெய்னர் பெட்டிகளில் வருகிறது. இறங்கியதும் லாரி ஏறிக் கொல்லத்துக்கும் கன்னியாகுமரி மாவட்டத்துக்கும் போய்விடுகிறது.

அது எங்கிருந்து வருகிறது?

ஆப்பிரிக்காவில் இருந்து! கிழக்கு ஆப்பிரிக்காவில் உள்ள தான்சானியா நாட்டில் இருந்தும் வருகிறது.

கொட்டை வந்த வழியே நாமும் எதிர்த்துப் போனால் என்ன பார்க்கலாம்?

சிங்கம் பார்க்கலாம். யானை, ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை எல்லாம் கூண்டு இல்லாமல் பார்க்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, கிளிமஞ்சாரோ மலையைப் பார்க்கலாம். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருந்தும் உச்சியில் பனிக்கட்டி உள்ள மலை அது!

கிளிமஞ்சாரோ என்றதும் பலருக்கு 'எந்திரன்' படத்துப் பாட்டு நினைவுக்கு வரும். 2010-ல் வந்த படம். ஆனால் அந்தப் பாட்டைப் படம் எடுத்தது கிளிமஞ்சாரோவில் அல்ல! கடல் கடந்து தென் அமெரிக்காவில், பெரு நாட்டின் மச்சு பிச்சுவில் எடுத்தார்கள். பாட்டைப் பார்த்துவிட்டு மலையைப் பார்த்ததாக நினைக்க வேண்டாம்.

நம் பக்கத்து ஆட்கள் அந்த மலையில் ஏறி இருக்கிறார்களா? ஏறி இருக்கிறார்கள். விருதுநகர் மாவட்டம் ஜோகில்பட்டியைச் சேர்ந்த முத்தமிழ்ச்செல்வி 2023-ம் ஆண்டு மே 23-ந்தேதி எவரெஸ்டு உச்சியைத் தொட்டார். கிளிமஞ்சாரோவிலும் ஏறினார். தூத்துக்குடிக்கும் விருதுநகருக்கும் எவ்வளவு தூரம்? அடுத்த மாவட்டம்தானே!

ஆனால் ஒன்று. இந்தப் பயணத்தைப் போகிற போக்கில் முடிவு செய்யக்கூடாது. பணமும் போகும். சில சமயம் உயிரும் போகும்!

எவ்வளவு உயரம்?

கிளிமஞ்சாரோவின் உயரம் 5,895 மீட்டர். அடிக்கணக்கில் 19,341 அடி. ஆப்பிரிக்காக் கண்டத்திலேயே இதுதான் பெரிய மலை.

தமிழ்நாட்டில் உயரமான சிகரம் ஊட்டி தொட்டபெட்டா. 2,637 மீட்டர். ஒரு தொட்டபெட்டாவின் தலைமேல் இன்னொரு தொட்டபெட்டாவைத் தூக்கி வைத்தாலும் கிளிமஞ்சாரோவை எட்டாது!

1889-ம் ஆண்டு அக்டோபரில் ஹான்ஸ் மேயர் என்ற ஜெர்மானியரும், லுட்விக் புர்ட்செல்லர் என்ற ஆஸ்திரியரும் முதன்முதலாக உச்சியை அடைந்தார்கள். உச்சிக்கு இப்போது 'உகுரு' என்று பெயர். சுவாகிலி மொழியில் 'விடுதலை' என்று பொருள். 1961 டிசம்பர் 9-ந்தேதி அந்த நாடு விடுதலை பெற்றபோது, மலை உச்சியில் தீபம் ஏற்றினார்கள்.

உச்சியில் இருந்த பனிக்கட்டியில் பெரும் பகுதி கடந்த நூறு ஆண்டுகளில் உருகிப் போய்விட்டது. மீதி இருப்பதும் சுருங்கிக்கொண்டே வருகிறது. "அடுத்த தலைமுறை பார்த்துக்கொள்ளட்டும்" என்று இந்தக் காட்சியைத் தள்ளிப் போட முடியாது.

ஏறுவதற்குக் கயிறு, ஆணி, கோடரி தேவை இல்லை. வழக்கமான பாதைகளில் உச்சிவரை நடந்தே போகலாம். 'நடைதானே!' என்று நினைக்கத் தோன்றும். அங்கேதான் ஆபத்து இருக்கிறது.

மூச்சுக் கணக்கு

மூச்சின் அருமை முத்துக் கரைக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்குத் தெரியும்?

தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை முத்துக்குளிப்பு நடந்தது. அதற்குப் பிறகு நடக்கவில்லை. ஆனால் அந்தத் தொழிலின் கதைகள் கடற்கரைக் குடும்பங்களில் இன்னும் இருக்கின்றன. காலில் கல்லைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்குவார்கள். மூச்சை அடக்கிக்கொண்டு சிப்பி பொறுக்குவார்கள். ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை நிமிடம். மூச்சு முட்டினால் கயிற்றை அசைப்பார்கள். தோணியில் கயிற்றைப் பிடித்திருப்பவர் உடனே மேலே இழுத்துவிடுவார். 'ஏன்? எதற்கு?' என்று கேட்க மாட்டார்!

அந்தக் கயிற்றைக் கண்டவர் கையில் கொடுப்பதில்லை. மைத்துனர் கையில்தான் கொடுப்பார்கள் என்று சொல்வார்கள். தங்கை தாலிக்குப் பொறுப்பு அண்ணன்தானே! 'மலை ஏறப் போனாலும் மச்சான் தயவு வேண்டும்' என்ற பழமொழி கிளிமஞ்சாரோவுக்கும் பொருந்தும். அங்கே அரசாங்க அனுமதி பெற்ற வழிகாட்டி இல்லாமல் மலையில் கால் வைக்க முடியாது. அவர்தான் உங்கள் கயிற்றைப் பிடித்திருக்கும் மச்சான்.

கடலில் 10 மீட்டர் இறங்கினால் உடலை அழுத்தும் அழுத்தம் இரண்டு மடங்கு ஆகும். மலை உச்சியிலோ காற்றின் அழுத்தம் பாதிதான்! கடற்கரையில் ஒரு மூச்சில் கிடைக்கும் பிராணவாயுவில், ஏறக்குறைய பாதிதான் அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும்.

உடம்பு இதைப் பழகிக்கொள்ளுமா? பழகிக்கொள்ளும். ஆனால் நாள் வேண்டும். அவசரப்படுத்தினால் பழகாது.

10,000 அடிக்கு மேலே போனால், ஒரு இரவு தூங்கும் இடத்துக்கும் அடுத்த இரவு தூங்கும் இடத்துக்கும் 500 மீட்டருக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது என்பது டாக்டர்கள் கணக்கு.

இப்போது மரங்கு பாதையைப் பாருங்கள். குடில்களில் தங்கிப் போகிற பாதை இது. முதல் இரவு மண்டாரா. உயரம் 2,720 மீட்டர். முதல் நாளே தொட்டபெட்டாவைத் தாண்டியாயிற்று! இரண்டாம் இரவு ஹோரோம்போ. 3,720 மீட்டர். மூன்றாம் இரவு கிபோ. ஏறக்குறைய 4,700 மீட்டர். ஒவ்வொரு நாளும் ஆயிரம் மீட்டர் ஏற்றம்! டாக்டர் கணக்குக்கு இரண்டு மடங்கு. கிபோ போய்ச் சேர்ந்த அன்று நள்ளிரவே எழுப்பி, உச்சிக்கு அழைத்துப் போவார்கள். நேற்றுவரை கடல் மட்டத்தில் உப்புக் காற்றை வாங்கியவர் உடம்பு என்ன பாடுபடும்?

தலை வலிக்கும். வாந்தி வரும். தூக்கம் வராது. இவை முதல் எச்சரிக்கை. அதே உயரத்தில் தங்கி ஓய்வு எடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

சும்மா உட்கார்ந்து இருக்கும்போதே மூச்சு வாங்குகிறதா? இருமல் நிற்கவில்லையா? குடித்தவர் போலக் கால் தள்ளாடுகிறதா? பேச்சு குழறுகிறதா? இது உயிருக்கு ஆபத்து! நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். மூளை வீங்கி இருக்கலாம். உடனே கீழே இறக்க வேண்டும். இரவானாலும் இறக்க வேண்டும். 'இவ்வளவு செலவு செய்து வந்துவிட்டோமே, இன்னும் கொஞ்ச தூரம்தானே' என்று வழிகாட்டியோடு வாதாடக்கூடாது. கயிறு அசைந்துவிட்டது. மேலே இருப்பவர் இழுக்கிறார். வந்துவிடுங்கள்!

மலிவு டூர் ஏன் மலிவு?

இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். பலர் ஏமாறுவது இங்கேதான்.

"ஐந்து நாள் டூர் இருக்கிறது சார். எட்டு நாள் டூரைவிட ரொம்பக் குறைச்சல்!" என்று சொல்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும்.

கிளிமஞ்சாரோ பூங்காவில் நுழைவுக் கட்டணம் நாள் கணக்கில் வாங்குகிறார்கள். வெளிநாட்டார் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 70 டாலர். கூடாரம் போட்டுத் தங்க ஒரு இரவுக்கு 50 டாலர். வரி தனி. ஆக ஒரு ஆளுக்கு ஒரு நாள் கூடினால், சாப்பாடும் கூலியும் சேராமலே பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் கூடுகிறது. (கட்டணம் அவ்வப்போது மாறும். பணம் கட்டும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.)

விலையைக் குறைக்க வேண்டுமானால், டூர்க்காரர் எதைக் குறைப்பார்? நாளைத்தான் குறைப்பார். அல்லது சுமை தூக்கும் போர்ட்டரின் கூலியைக் குறைப்பார். நாள் குறைந்தால் உங்கள் மூச்சுக்கு ஆபத்து. கூலி குறைந்தால் ஒரு ஏழையின் வயிற்றில் அடி.

என்னைக் கேட்டால், மிச்சம் பிடிக்க வேறு இடம் பாருங்கள் என்பேன். ஓட்டலில் மிச்சம் பிடியுங்கள். புதுச் சட்டை வாங்காமல் இருங்கள். தூங்கும் பை, கனத்த கோட்டு எல்லாம் மலை அடிவாரத்து மோஷி நகரில் வாடகைக்குக் கிடைக்கும். மலையில் தங்கும் நாளில் மட்டும் மிச்சம் பிடிக்க வேண்டாம். ஏழு நாள், எட்டு நாள் ஏறும் மச்சாமே, லெமோஷோ பாதைகளில் உச்சியை அடைகிறவர்கள் அதிகம். மரங்கு வழிதான் வசதி என்றால், ஹோரோம்போவில் ஒரு நாள் கூடுதலாகத் தங்கும் ஆறு நாள் பயணமாவது கேளுங்கள். அதற்குப் பணம் போதவில்லையா? ஒரு வருடம் தள்ளிப் போடுங்கள். மலை ஓடிப் போகாது.

எப்போது போவது?

முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், கடல் அமைதியாக இருக்கும் மாதம் பார்த்துத்தான் நாள் குறிப்பார்கள். அதற்கு முன்பே அதிகாரிகள் கடலுக்குள் போய்ப் பார்களைச் சோதிப்பார்கள். சிப்பி முற்றவில்லை என்றால், அந்த வருடம் குளிப்பு இல்லை!

இந்தப் பயணத்துக்கும் அந்தப் பொறுமை வேண்டும். நமக்கு மே மாதம்தான் பள்ளிக்கூட விடுமுறை. ஆனால் தான்சானியாவில் மார்ச் பாதியில் இருந்து மே முடியப் பெருமழை! பாதை சேறாகும். மலை மேகத்தில் மறைந்துவிடும். அந்த மாதங்களில் டூர் விலை மலிவாக இருப்பதற்கு இதுதான் காரணம். நவம்பரில் சிறு மழை.

ஜூன் முதல் அக்டோபர் வரையும், ஜனவரி, பிப்ரவரியும் நல்ல காலம். பிள்ளைகளோடு போகிறவர்களுக்குக் காலாண்டு விடுமுறை தோதாக இருக்கும். பிள்ளைகள் இல்லாதவர்கள் ஆகஸ்டு 5-ந்தேதி பனிமய மாதா திருவிழாவைப் பார்த்துவிட்டே புறப்படலாம். பனியையே காணாத ஊரில் பனிமய மாதா! அந்தக் கோவிலைப் பார்த்து வளர்ந்தவர்கள், கண்ணால் பனியைப் பார்க்கப் போவது பொருத்தம்தானே?

10 வயது நிரம்பாத பிள்ளைகளை உச்சிக்கு விடுவதில்லை. அவர்களோடு வீட்டில் ஒருவர் தங்கி, மிருகங்களைப் பார்க்கப் போகலாம்.

சிங்கத்தின் வீட்டில்

'சபாரி' என்றால் சுவாகிலி மொழியில் 'பயணம்' என்றுதான் அர்த்தம். அவ்வளவே!

செரங்கெட்டி என்பது பெரிய புல்வெளி. 14,700 சதுர கிலோமீட்டருக்கு மேல். அங்கே வில்டபீஸ்ட் என்று ஒரு மிருகம். மான் இனம்; பார்வைக்குத் தாடி வைத்த மாடு. பத்து லட்சத்துக்கு மேல் இருக்கின்றன. மழையையும் புல்லையும் தேடி, வருடம் முழுவதும் கூட்டம் கூட்டமாகச் சுற்றி வருகின்றன. பிப்ரவரியில் தெற்கே கன்று போடும். ஜூலை முதல் அக்டோபருக்குள் வடக்கே மாரா ஆற்றைக் கடக்கும். ஆற்றில் முதலை காத்திருக்கும்!

நிகோரோங்கோரோ இன்னொரு அதிசயம். என்றோ அவிந்துபோன எரிமலையின் வாய் அது. குறுக்களவு ஏறக்குறைய 19 கிலோமீட்டர். ஆழம் 2,000 அடி. அந்தக் கிண்ணத்துக்குள்ளே யானை, சிங்கம், காண்டாமிருகம் எல்லாம் வாழ்கின்றன.

சிங்கம் வண்டிக்குப் பக்கத்தில் வந்தால் என்ன செய்வது? ஒன்றும் செய்ய வேண்டாம். வண்டிக்குள்ளேயே சத்தம் போடாமல் உட்கார்ந்திருங்கள். கீழே மட்டும் இறங்காதீர்கள். 1898-ல் பக்கத்து நாடான கென்யாவில், சாவோ என்ற இடத்தில் ரெயில் பாலம் கட்டினார்கள். இந்தியாவில் இருந்து போன கூலிகள்தான் வேலை செய்தார்கள். பிடரி மயிர் இல்லாத இரண்டு ஆண் சிங்கங்கள், இரவில் கூடாரத்துக்குள் புகுந்து ஆட்களை இழுத்துப் போயின! ரெயில்வே கணக்குப்படியே 28 இந்தியர்கள் இறந்தார்கள். இறந்த ஆப்பிரிக்கர்கள் அந்தக் கணக்கில் இல்லை. கடைசியில் இரண்டும் சுடப்பட்டன. அவற்றின் பாடம் செய்த உடல்கள் இன்றும் அமெரிக்காவில் சிகாகோ நகர அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

நீலம், கறுப்பு நிற உடை வேண்டாம். அங்கே 'செட்சி' என்ற கடிக்கும் ஈ உண்டு. அந்த நிறங்களைத் தேடி வரும். காக்கி, பழுப்பு நல்லது.

வீட்டிலேயே பயிற்சி

மலை ஏற மூன்று மாதம் முன்பே நடக்கத் தொடங்குங்கள். கடற்கரை மணலில் நடப்பது காலுக்கு நல்ல பயிற்சி. பிறகு படி ஏறுங்கள். முதுகுப் பையில் ஐந்து கிலோ அரிசி போட்டுக்கொண்டு ஏறுங்கள். ஒரு நாள் வல்லநாடு போய் வாருங்கள். அங்கே வெளிமான் சரணாலயம் இருக்கிறது. துள்ளும் மானை எட்ட நின்று பொறுமையாகப் பார்க்கப் பிள்ளைகள் இங்கேயே கற்றுக்கொள்ளலாம். சதுரகிரி ஏறி இறங்கினால், முழங்கால் எப்படி என்று தெரிந்துவிடும்.

புதுச் செருப்பு, புது ஷூ போட்டுக்கொண்டு மலைக்குப் போகக்கூடாது. இங்கேயே போட்டுப் பழக்கி எடுத்துப் போங்கள்.

இதய நோய், ரத்தக் கொதிப்பு, ஆஸ்துமா உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் போக வேண்டாம். மலைநோய்க்கு அசிட்டசோலமைடு என்ற மாத்திரை கொடுப்பது உண்டு. அதையும் டாக்டர் சொன்னால்தான் சாப்பிட வேண்டும். அடிவாரத்திலும் புல்வெளியிலும் மலேரியா உண்டு. அதற்குத் தடுப்பு மாத்திரையும் கேட்டு வாங்குங்கள். கொசுவலைக்குள் தூங்குங்கள்.

காப்பீடு எடுக்கும்போது ஒரு கேள்வி கேளுங்கள். "6,000 மீட்டர் உயரம் வரை செல்லுமா?" சாதாரணப் பயணக் காப்பீடு பல, மலை ஏறுவதற்குச் செல்லாது.

வழியும் சாப்பாடும்

தூத்துக்குடியில் இருந்து வெளிநாட்டுக்கு நேர் விமானம் இல்லை. சென்னை அல்லது மும்பை போய், அங்கிருந்து வளைகுடா நாடுகள் வழியாகவோ எத்தியோப்பியா வழியாகவோ கிளிமஞ்சாரோ விமான நிலையம் போகலாம். தான்சானியா விசாவுக்கு இன்டர்நெட்டிலேயே விண்ணப்பம் போடலாம். போலி இணையதளங்களும் உண்டு. அரசாங்கத் தளம்தானா என்று பார்த்துப் பணம் கட்டுங்கள்.

பிளாஸ்டிக் பை கொண்டுபோக வேண்டாம்! 2019 ஜூன் 1 முதல் அங்கே தடை. நம் மஞ்சள் பையே போதும்.

சாப்பாட்டுக்குப் பயம் வேண்டாம். 'உகாலி' என்பது மக்காச்சோள மாவில் கிண்டிய களி. சப்பாத்தி கிடைக்கும். அதற்குப் பெயரும் சப்பாத்திதான். தேநீருக்குப் பெயர் 'சாய்'. மலை அடிவாரத்தில் சாகா இன மக்கள் வாழையும் காபியும் பயிரிடுகிறார்கள். நம் ஏரல், ஸ்ரீவைகுண்டம் பக்கத்து வாழைத் தோட்டங்கள் நினைவுக்கு வரும்.

உயரத்தில் பசி எடுக்காது. இனிப்பு கொஞ்சம் இறங்கும். தூத்துக்குடி மக்ரூனை ஒரு டப்பாவில் அடைத்துக் கொண்டுபோங்கள். கனம் இல்லை. முந்திரியும் சர்க்கரையும் தெம்பு கொடுக்கும். ஆப்பிரிக்காவில் இருந்து கப்பலில் வந்த முந்திரி, மக்ரூனாகி மறுபடியும் ஆப்பிரிக்கா போய்ச் சேரும்!

நேரம் கேட்கும்போது கவனம் தேவை. அங்கே ஊர் மக்கள் சூரியன் உதிப்பதில் இருந்து மணி எண்ணுகிறார்கள். நம் பாட்டன் காலத்து நாழிகைக் கணக்கு மாதிரி. காலை ஏழு மணியை 'ஒரு மணி' என்பார்கள். டிரைவர் "இரண்டு மணிக்கு வருகிறேன்" என்றால், காலை எட்டு மணியா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மலையில் அடிக்கடி காதில் விழும் சொல் 'போலே போலே'. 'மெல்ல, மெல்ல' என்று பொருள். வழிகாட்டி ஆமை மாதிரி நடப்பார். அவரை முந்தாதீர்கள். முதல் நாள் முந்தி ஓடிய இளைஞர்கள், கடைசி நாள் குடிலில் படுத்துக் கிடப்பதும் உண்டு.

போர்ட்டர் ஒருவர் 20 கிலோவுக்கு மேல் சுமக்கக்கூடாது என்று விதி. உங்கள் பை 15 கிலோவுக்குள் இருக்கட்டும். மலை இறங்கியதும் இனாம் கொடுப்பது வழக்கம். அதை முன்பே கணக்கில் சேர்த்து, தனி உறையில் எடுத்து வைத்துவிடுங்கள். டாலர் நோட்டு கிழியாத, புது நோட்டாக இருக்க வேண்டும்.

தந்தம், தோல், பல், நகம் என்று யார் விற்றாலும் வாங்காதீர்கள். ஜெயிலுக்குப் போக நேரும்.

மஞ்சள் அட்டை

கப்பல் வேலைக்குப் போகிறவர்களுக்கு இது தெரியும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டால், ஒரு மஞ்சள் அட்டை தருவார்கள். கென்யா, உகாண்டா, எத்தியோப்பியா நாடுகளுக்குப் போகிறவர்களுக்கு அது கட்டாயம் தேவை. தான்சானியா மட்டும்தான் போகிறோம் என்றாலும், வழியில் எந்த நாட்டில் எத்தனை மணி நேரம் இறங்குகிறோம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கண்ட ஆஸ்பத்திரியில் போட்டால் செல்லாது. மத்திய அரசு அங்கீகரித்த நிலையத்தில்தான் போட வேண்டும். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் அவற்றில் ஒன்று. ஊசி போட்ட 10 நாள் கழித்துத்தான் அட்டை செல்லுபடியாகும். அதனால் கடைசி வாரத்தில் ஓடக்கூடாது. ஒரு தடவை போட்டால் போதும். ஆயுள் முழுவதும் செல்லும். 9 மாதம் நிரம்பாத குழந்தைக்குப் போடுவதில்லை. 60 வயது தாண்டியவர்களும் கர்ப்பிணிகளும் முட்டை ஒவ்வாதவர்களும் டாக்டரிடம் முதலில் சொல்லிவிட வேண்டும்.

ஊர் திரும்பும்போதும் அந்த அட்டை கையில் இருக்கட்டும். பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிடாதீர்கள். மஞ்சள் காய்ச்சல் உள்ள நாட்டில் இருந்து வருகிறவர்களிடம் நம் விமான நிலையத்தில் கேட்பார்கள். இல்லை என்றால், ஆறு நாள் வரை தனியாக வைத்துவிடுவார்கள்!